மலை இறங்கினால் மறுநாள் ஏன் வலிக்கிறது? தசைச் செல்லுக்குள் நடப்பது என்ன?

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நடந்தே இறங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, பேசிக்கொண்டே வந்துவிட்டோம். பெரியகுளத்தில் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் காலை ஊன்ற முடியவில்லை. மாடிப்படி ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடலாம், இறங்குவதற்குள் உயிர் போகிறது. குத்துக்காலிட்டு உட்கார்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதே பாதையில் கீழிருந்து மேலே வந்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். நாக்குத் தள்ளிவிட்டது, நாலு திருப்பத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தோம், ஆனால் மறுநாள் கால் அவ்வளவு மோசமில்லை என்பார்கள்.

உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். உடம்பு அதேதான், எடை அதேதான், பாதையும் அதேதான். அப்புறம் ஏன் இப்படி? ஜிம்முக்குப் போகிற தம்பிகள் உடனே, கடும் உழைப்பில் தசையில் சேரும் ‘லாக்டிக் ஆசிட்’தான் காரணம் என்பார்கள். அந்தப் பதில் தப்பு. ஏன் தப்பு என்று பிறகு சொல்கிறேன். சரியான பதில் தசையின் ஒரே ஒரு செல்லுக்குள் இருக்கிறது. அதற்கு, தசை எப்படிச் சுருங்குகிறது என்பதை முதலிலிருந்து பார்த்துவிட வேண்டும்.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முழங்கையை மடக்குவது மேற்கையின் முன்பக்கத் தசை, நீட்டுவது பின்பக்கத் தசை. சுவரைக் கையால் தள்ளினாலும் உள்ளே ஏதோ ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எலும்போடு ஒட்டி, நம் விருப்பப்படி வேலை செய்யும் இந்தத் தசைகளுக்கு எலும்புத் தசைகள் என்று பெயர். இதயத் தசையும் குடல் தசையும் வேறு ரகம், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வேகவைத்த கோழியின் நெஞ்சுக்கறியை விரலால் பிய்த்தால் நார் நாராக வரும் இல்லையா? அந்த ஒவ்வொரு நாரும் பல செல்கள் சேர்ந்த கட்டு. தனிச் செல் அதைவிட மெல்லியது, தலைமுடியின் பருமனோ அதற்கும் குறைவோ இருக்கும். ஆனால் நீளம் பல சென்டிமீட்டர் போகும். கரு வளரும்போது பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவானது என்பதால் ஒரே செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் உண்டு. செல் என்றதும் பள்ளிக்கூடப் படத்தில் வரும் வட்டம் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். இதைத் தசையிழை என்று சொல்வதுதான் பொருத்தம்.

அந்த இழைக்குள்ளே இன்னும் மெல்லிய நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு மைக்ரோமீட்டர் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த நுண்ணிழை முழுக்கக் கருப்பு, வெளுப்பு, கருப்பு, வெளுப்பு என்று பட்டை தெரியும். ஒரே மாதிரியான குட்டி அலகு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருவதால்தான் அந்தப் பட்டை. அந்த அலகின் பெயர் சார்கோமியர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பெயரைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சார்கோமியரின் நீளம் இரண்டு மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள தசையிழையில் ஒரே வரிசையில் 40,000க்கும் அதிகமான சார்கோமியர்கள் நிற்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் சுருங்கினால் போதும், இழை மொத்தமாக இரண்டு சென்டிமீட்டர் குறுகிவிடும். கண்ணுக்கே தெரியாத அசைவை வரிசையாகக் கூட்டிக் கால் எடுத்து வைக்கிற அளவுக்குக் கொண்டுவருவது இந்த எண்ணிக்கைதான்.

சார்கோமியரின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தடுப்பு இருக்கிறது. அதற்கு இசட் தட்டு என்று பெயர். இரண்டு தட்டுகளிலிருந்தும் ஆக்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழைகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் மயோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழைகள். மெல்லியதும் தடித்ததும் ஓரளவு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தபடி இருக்கும். இது போக, டைட்டின் என்ற மிக நீளமான புரதம் தடித்த இழையை இசட் தட்டோடு இணைத்து, நடுவிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்கிறது. மனித உடம்பில் இருக்கும் புரதங்களில் ஆகப் பெரியது இதுதான். மலை இறங்கும்போது இது மறுபடி வரும்.

தசை சுருங்கும்போது இந்தப் புரதங்களே சுருண்டு குட்டையாகின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். நினைப்பதில் தப்பும் இல்லை, வெளியே பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1954 மே மாதம் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில், ஒரே வெளியீட்டிலேயே, இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்து அந்த எண்ணத்தை மாற்றின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, இன்னொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை. ஒரு குழு தவளையின் தசையிழையைப் பார்த்தது, மறு குழு முயல் தசையின் நுண்ணிழையைப் பார்த்தது. இருவர் கண்ணிலும் பட்டது ஒன்றேதான்: தசை சுருங்கும்போது கருப்புப் பட்டையின் அகலம் மாறவில்லை, வெளுப்புப் பட்டை மட்டும் குறுகியது. தடித்த இழை இருக்கும் இடம்தான் கருப்புப் பட்டை. அது குறுகவில்லை என்றால் மயோசின் இழை குட்டையாகவில்லை என்று அர்த்தம். மெல்லிய இழைகள் உள்ளே சறுக்கி நுழைந்திருக்கின்றன, அவ்வளவுதான். சறுக்கும் இழைக் கோட்பாடு என்று பதினோராம் வகுப்புப் பாடத்தில் வருவது இதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சிறு பெருமை உண்டு. அதே 1954ல், அதே ‘நேச்சர்’ இதழில், ஆகஸ்ட் மாதம், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் அமைப்பைப் பற்றி எழுதினார்கள். தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண் பெரும்பாலும் கொலாஜனால் ஆனது. இழுக்கிற இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகிற நாண் எதனால் ஆனது, இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விடை கிடைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

சரி, இழை சறுக்குகிறது. எது சறுக்கவைக்கிறது?

தடித்த இழை ஒன்றில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள் கட்டாக இருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு தலைகள், அவை பக்கவாட்டில் ஆக்டினை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். தலை ஆக்டினைப் பிடிக்கிறது, சாய்கிறது, விடுகிறது, நிமிர்ந்து கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி பிடிக்கிறது. கிணற்றில் வாளிக் கயிற்றை இழுக்கிற கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை பிடித்திருக்கும்போது இன்னொரு கை விட்டு, தள்ளிப்போய்ப் பிடிக்கும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் விட்டால் வாளி கிணற்றுக்குள் போய்விடும். தசைக்குள் இரண்டு கை இல்லை, ஒரு தடித்த இழைக்கே சுமார் அறுநூறு. அவை ஒத்திசைந்து இழுப்பதில்லை, ஆளாளுக்கு ஒரு நேரத்தில் பிடித்து ஆளாளுக்கு ஒரு நேரத்தில் விடுகின்றன. அதனால்தான் நம் அசைவு விட்டுவிட்டு வெட்டாமல் சீராக இருக்கிறது. ஒரு தலை ஒருமுறை சாய்ந்தால் ஆக்டின் நகர்வது ஐந்திலிருந்து பத்து நானோமீட்டர். மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தசை மேல் ஒரு தனி மரியாதை வருகிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

செல்லின் சக்திக்கு ஏடிபி என்ற மூலக்கூறுதான் கைக்காசு. தலை இழுக்கும் நேரத்தில் ஏடிபி வந்து உதவுகிறது என்றுதான் யாரும் யோசிப்போம். நடப்பது வேறு. இழுத்து முடித்த தலை ஆக்டினை இறுகப் பிடித்தபடியே நிற்கிறது. புது ஏடிபி ஒன்று வந்து தலையில் ஒட்டினால்தான் பிடி தளர்கிறது. விட்ட பிறகு தலை அந்த ஏடிபியை இரண்டாக, அதாவது ஒரு பாஸ்பேட் துண்டாகவும் மிச்சத் துண்டாகவும் உடைக்கிறது. அதில் வரும் சக்தியில் தலை நிமிர்ந்து நிற்கிறது. உடைந்த துண்டுகள் இரண்டும் இன்னும் தலையிலேயே இருக்கின்றன. நிமிர்ந்த தலை ஆக்டினில் அடுத்த இடத்தைத் தொட்டதும் பாஸ்பேட் துண்டு வெளியேறுகிறது, தலை சாய்கிறது, இழுப்பு நடக்கிறது. பிறகு மிச்சத் துண்டும் வெளியேறுகிறது. தலை மறுபடி இறுகப் பிடித்தபடி, அடுத்த ஏடிபிக்காகக் காத்து நிற்கிறது.

ஆக, இழுப்புக்கான சக்தி முன்கூட்டியே தலைக்குள் ஏற்றப்பட்டுவிடுகிறது. ஏடிபி கையோடு வந்து நிற்கவேண்டிய நேரம், பிடியை விடுகிற நேரம்.

இதைக் கறிக்கடையில் கண்ணால் பார்க்கலாம். அப்போதுதான் அறுத்த ஆட்டின் தொடைக்கறி மரக்கட்டையின் மேல் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். ஆடு இறந்துவிட்டது, ஆனால் இழைக்குள் ஏடிபி இன்னும் இருக்கிறது, தலைகள் பிடித்துப் பிடித்து விடுகின்றன. சில மணி நேரம் போனால் துடிப்பு நின்று கறி விறைத்துவிடும். கையால் அழுத்தினால் கட்டை மாதிரி இருக்கும். ரத்த ஓட்டம் நின்றதால் ஏடிபி தயாரிப்பு நின்றுபோனது, கடைசியாகப் பிடித்த தலைகளை விடுவிக்க எதுவும் மிச்சமில்லை. அப்புறம் ஒன்றிரண்டு நாளில் கறி தானாக இளகுவது தலைகள் விட்டதால் அல்ல. செல்லில் இருக்கும் நொதிகள் புரதங்களையே அரித்துவிடுவதால். மலைக்குளிரில் அந்த அரிப்பு மெதுவாக நடக்கும், விறைப்பும் நீடிக்கும். மனித உடலிலும் இறந்த பின் வரும் விறைப்பு இதே காரணத்தால்தான்.

உயிரோடு இருக்கும்போது ஏடிபிக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் தலைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமே, நாம் எப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்? ஆக்டின் இழையின் மேல் ட்ரோபோமயோசின் என்ற நீளமான புரதம் படுத்துக்கொண்டு, தலைகள் பிடிக்கவேண்டிய இடங்களை மறைத்துவைத்திருக்கிறது. அதனுடன் இடைவெளி விட்டு ட்ரோபோனின் என்ற புரதம் ஒட்டியிருக்கிறது. ட்ரோபோனினில் கால்சியம் சேர்ந்தால் ட்ரோபோமயோசின் நகர்ந்து இடம் விடுகிறது. கால்சியம் போய்விட்டால் மறுபடி வந்து மூடிக்கொள்கிறது. ட்ரோபோனினை 1960களில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. கால்சியம் என்றதும் நமக்கு எலும்பும் பாலும்தான் ஞாபகம் வரும். அதே கால்சியம்தான் இங்கே தசைக்குக் கட்டளை கொண்டுபோகிறது.

கட்டளை வருகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு தசையிழையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கக்குகிறது. அது பட்டதும் இழையின் மேல்சவ்வில் ஒரு மின் அலை கிளம்புகிறது. சவ்வு அங்கங்கே குழாய்களாக உள்ளே இறங்கியிருப்பதால் அலையும் இழையின் ஆழம் வரை போகிறது. குழாய்களை ஒட்டி, கால்சியத்தைச் சேர்த்துவைத்திருக்கும் பைகள் இருக்கின்றன. அலை வந்ததும் பைகளின் வாய் திறந்து கால்சியம் கொட்டுகிறது, அதன் அளவு நொடியின் சிறு பகுதிக்குள் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறுகிறது. நரம்பு ஓய்ந்ததும் பைகளின் சவ்வில் இருக்கும் பம்புகள் கால்சியத்தைத் திரும்ப உள்ளே ஏற்றுகின்றன. அந்த பம்புகள் ஓடவும் ஏடிபி வேண்டும். தசையைத் தளர்த்துவது இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நரம்பு கக்கிய அசிட்டைல்கோலினை உடனே உடைத்துப்போட ஒரு நொதி அங்கேயே இருக்கிறது. அது இல்லாவிட்டால் கட்டளை ஓயாது. மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கத்துக் காட்டில் காரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்தடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் தாக்குவது இந்த நொதியைத்தான். மருந்து தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடம்பில் ஏறினால் கண்ணிமை துடிக்கும், தசைகள் அங்கங்கே தானாகத் துள்ளும், பிறகு வலுவிழந்துபோகும். மூச்சுத் தசைகளுக்கும் அதே கதி வரலாம் என்பதால் ‘காத்தாட உட்கார்ந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏடிபி எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் வரும். ஏடிபியைச் சட்டென்று மீட்டுத் தரும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு இன்னும் சில நொடி தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துத்தான் ஆக வேண்டும், நீண்ட ஏற்றத்துக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. மூச்சு வாங்குவது அதற்காகத்தான். எரித்ததில் நான்கில் ஒரு பங்குகூடச் சரியாக வேலையாக மாறுவதில்லை, மீதி எல்லாம் சூடு. மார்கழி இரவில் கொடைக்கானலில் பல் கிட்டிக்கும்படி நடுக்கம் வருகிறதே, அப்போது உடம்பு வேண்டுமென்றே எதிரெதிர்த் தசைகளை மாற்றி மாற்றிச் சுருக்குகிறது. ஒரு வேலையும் நடக்காது, சூடு மட்டும் வரும். அதுதான் வேண்டியதும்.

இப்போது இறக்கத்துக்கு வருவோம்.

ஒரு நாற்காலியின் முன்னால் நில்லுங்கள். உள்ளங்கையைத் தொடையின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, மிக மெதுவாக உட்காருங்கள். தொடைச் சதை இறுகுவது கைக்குத் தெரியும். உட்காரும்போது முழங்கால் மடங்குகிறது, அதாவது முன்தொடைத் தசை நீள்கிறது. நீண்டுகொண்டே இறுகியும் இருக்கிறது. அது இறுகாவிட்டால் நீங்கள் தொப்பென்று விழுவீர்கள். மலை இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் நடப்பது இதுதான். கீழ்ப்படியில் கால் வைத்ததும் உடம்பின் எடை முழங்காலை மடக்கப் பார்க்கிறது, முன்தொடைத் தசை அதை எதிர்த்துப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. தசை பிரேக் போடுகிறது.

கயிறு பிடித்த கைகளுக்குத் திரும்பிப் போனால் விஷயம் புரிந்துவிடும். ஏறும்போது கைகள் கயிற்றை மேலே இழுக்கின்றன. இறங்கும்போது கனமான வாளி கயிற்றைக் கீழே இழுக்கிறது, கைகள் பிடித்துப் பிடித்து நழுவவிடுகின்றன. மயோசின் தலை ஆக்டினைப் பிடித்திருக்கிறது. அது விடுவதற்கு ஏடிபி வரவேண்டும் என்று பார்த்தோம். ஆனால் இறக்கத்தில் ஏடிபி வருகிற வரை சுமை காத்திருப்பதில்லை, தலையைப் பிடியிலிருந்து பிய்த்துவிடுகிறது. பிய்க்கப்பட்ட தலை அடுத்த இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும், மறுபடி பிய்க்கப்படும். இப்படிப் பல பிடிகள் ஏடிபி செலவில்லாமலே விடுபடுகின்றன.

செலவு குறைந்தால் ஆக்சிஜனும் குறைவாகப் போதும். பேசிக்கொண்டே இறங்க முடிவதன் காரணம் இதுதான். 1952ல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இதை அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகு வைத்து ஒரே செயினில் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் தன் பக்கத்துப் பெடல் பின்னோக்கிச் சுழல்வதை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் காலிலும் விசை ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். மிதித்தவருக்கு மூச்சு வாங்கியது, எதிர்த்துப் பிடித்தவர் அதில் ஒரு சிறு பங்கு ஆக்சிஜனைத்தான் செலவழித்தார். பிரெண்டா பிக்லண்ட் என்ற அந்தப் பெண், தன்னைவிட வாட்டசாட்டமான ஆளைப் பெரிய சிரமம் இல்லாமல் களைக்கவைத்துவிட்டார் என்று உடலியங்கியல் வகுப்புகளில் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் செலவு குறைவதிலேயே சிக்கலும் இருக்கிறது. நீட்டப்படும் தசை, நின்ற இடத்தில் காட்டக்கூடிய அதிகபட்ச விசையைவிடக் கூடுதலாகத் தாங்கும். அதனால் அதே எடையைத் தாங்க மூளை குறைந்த எண்ணிக்கையில்தான் இழைகளை வேலைக்குக் கூப்பிடுகிறது. கூப்பிடப்பட்ட இழைகள் ஒவ்வொன்றின் மேலும் விழும் பாரம் அதிகம். போதாததற்கு, வரிசையில் நிற்கும் நாற்பதாயிரம் சார்கோமியர்களும் ஒரே வலுவில் இருப்பதில்லை. இழை இழுபடும்போது வலுக்குறைந்தவை முதலில் நீள்கின்றன. நீள நீள, தடித்த இழையும் மெல்லிய இழையும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் பகுதி குறைகிறது, பிடிக்கக் கிடைக்கும் தலைகளும் குறைகின்றன, அது இன்னும் வலுவிழந்து இன்னும் நீள்கிறது. கடைசியில் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று முழுக்க வெளியே வந்துவிடும். பெரும்பாலும் டைட்டின் அவற்றைப் பிடித்து, தசை தளரும்போது மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சில திரும்ப வருவதில்லை. ஆயிரக்கணக்கான அடிகளில் அந்தச் ‘சில’ கூடிக்கொண்டே போகிறது.

சுவீடனில் 1981ல் ஆட்களை மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப இறங்கவைத்து, கெண்டைச் சதையிலிருந்து துணுக்கு எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நேராக இருக்கவேண்டிய இசட் தட்டுகள் அங்கங்கே கலைந்தும் இழுபட்டும் கிடந்தன. சவ்வும் கிழிந்தால் வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே கசிந்து சேதத்தைக் கூட்டும். அதைச் சுத்தம் செய்ய நோய் எதிர்ப்புச் செல்கள் வரும், வீக்கம் வரும், அங்குள்ள வலி நரம்புகள் கூர்மையாகும். இதெல்லாம் நடக்க நேரம் பிடிக்கும். அதனால்தான் வலி அன்றைக்கே தெரியாமல் மறுநாள் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது.

லாக்டிக் ஆசிட் கதைக்கு இங்கேயே முடிவு கட்டிவிடலாம். கடும் ஏற்றத்தில் சேரும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்புக்குள் இருக்கும் வடிவம்) ஓய்வெடுத்த ஒரு மணி நேர அளவில் ரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாள் காலை வலிக்குப் பழி போட அது அங்கே இருப்பதே இல்லை. தவிர, லாக்டேட் அதிகம் சேர்வது ஏறுகிறவர்களுக்கு, அதிகம் வலிப்பது இறங்குகிறவர்களுக்கு. அந்த ஒரு விஷயத்தை யோசித்தாலே போதும்.

நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை சுருட்டி இழுக்கிறதே, அது வேறு. அங்கே இழை கிழிவதில்லை, நரம்பு ஓயாமல் கட்டளை அனுப்புகிறது. பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கிச் சதையை நீட்டினால் விட்டுவிடும்.

வெள்ளகவிக்காரர்களுக்கு ஏன் வலிப்பதில்லை என்று கேட்கலாம். நெடுங்காலம் சாலையே இல்லாத ஊர் அது. அரிசி மூட்டையிலிருந்து எல்லாம் தலைச்சுமையாகவும் குதிரையிலும் வந்த ஊர். பிறவியிலேயே வேறு தசை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இறங்கிப் பழகிய தசை தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது. ஒருமுறை நன்றாக வலித்துத் தேறியவருக்கு, சில வாரங்களுக்குள் அதே இறக்கத்தை மறுபடி இறங்கினால் வலி கணிசமாகக் குறைந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் 1994ல் எலிகளைச் சில நாள் சரிவில் இறங்கி ஓடவிட்டும், வேறு சில எலிகளை ஏறி ஓடவிட்டும் பார்த்தார்கள். இறங்கி ஓடிய எலிகளின் தொடைத் தசையிழைகளில், ஏறி ஓடியவற்றைவிடச் சார்கோமியர்கள் வரிசையில் அதிகமாக இருந்தன. எண்ணிக்கை கூடினால் அதே நீட்சி அதிகம் பேருக்குப் பங்காகப் பிரியும், எதுவும் எல்லை தாண்டி நீளவேண்டியதில்லை. ஆகவே பெரிய இறக்கத்துக்குப் போகிறவர்கள் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வீட்டு மாடிப்படியை மெதுவாக இறங்கிப் பழகுவது உண்மையிலேயே பலன் தரும். ஏறுவதற்கு லிஃப்டில் போனாலும் பரவாயில்லை.

வலி வந்துவிட்டால் அவசரப்பட ஒன்றுமில்லை, நாலைந்து நாளில் தானாகப் போகும். மெல்ல நடப்பது நல்லது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. பழக்கமே இல்லாமல் நீண்ட இறக்கம் இறங்கி, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இருந்தவருக்கு, மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசையிழைகள் பெருமளவில் உடைந்து உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடலாம். தைலம் தேய்த்துக்கொண்டோ வலி மாத்திரை போட்டுக்கொண்டோ படுத்திருக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மலை இறங்கியதையும் சிறுநீரின் நிறத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.